பனி யாரிடம் இருக்கிறது

கம்பெனியை விட்டு வந்த அன்று
நான்காம் மாடி நூலகத்தின் சாவியைத்தான்
கொடுக்க மனமில்லாமல்
கோட்டுப் பைக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.
பதினோரு வருடம்
விலை தெரியாமலே புரட்டிய தரநிலைகள்.

விலை பிறகு தெரிந்தது.
எஃகு இணைப்புகள்: ஒரு மாத வாடகை.
நில அதிர்வு: குளிர்காலம் முழுக்க எரிவாயு.
அதிலும் ஆறு பக்கம் வெற்றுத்தாள்.
பூமி நடுங்குவது இலவசம்,
எவ்வளவு நடுங்கும் என்பதற்குத்தான் காசு.

சனிக்கிழமைகளில் திபிலீசியின் உலர்பாலத்துக்குப் போவேன்.
பதக்கங்கள், கெண்டிகள், யாருடையதோ ஒரு பல்செட்,
இவற்றுக்கு நடுவே தார்ப்பாய் விரித்து
ஜும்பேர் பொறியியலை எடைக்கு விற்கிறார்.
கிலோ மூன்று லாரி.
கவிதை என்றால் நான்கு, அது கொஞ்சம் நகரும் என்பார்.
ரஷ்ய மொழியில் விட்டங்கள், அடித்தளங்கள், மண் அழுத்தம்,
உள்பக்கத்தில் இப்போது இல்லாத ஒரு நாட்டின் முத்திரை.
ஒருமுறை, அட்டையைக் கிழித்துவிட்டு நிறுங்கள் என்றேன்.
அவர் பார்த்த பார்வையில்
அட்டையோடு இரண்டாய் வாங்கிவந்தேன்.

நாடு போகலாம்.
இரு முனையில் தாங்கிய விட்டத்துக்கு
நடுவில் வரும் திருப்புமையை
எந்தக் கொடி பறந்தாலும்
எட்டால்தான் வகுக்க வேண்டும்.

அதனால் அலமாரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.
இடப்பக்கம் மாறாதவை, கிலோவுக்கு வாங்கியவை.
வலப்பக்கம் மாறுபவை, கடனுக்கு வாங்கியவை.
இடப்பக்கம் நிரம்பி வழிந்தது.
வலப்பக்கம் எஃகு மட்டும் தனியாகச் சாய்ந்திருந்தது.

பகுரியானியில் ஒரு விருந்தினர் விடுதிக்குக் கூரை.
சோம்பலில் இடப்பக்கத்துப் புத்தகத்திலிருந்தே பனியை எடுத்தேன்.
கிலோகிராமை நியூட்டனாக்கி, வரைந்து, மடித்து, உறையிலிட்டு
படுத்தேன்.
தூக்கம் வரவில்லை.
பனி, கோட்டின் எந்தப் பக்கம்?

இரவு பதினொன்றரைக்குத் தெமூருக்குப் போன் போட்டேன்.
அவனும் என்னைப்போல் தனிக்கட்டை அலுவலகம்,
சமையல் மேசைதான் வரைபலகை.
"புதுப் பனி என்னிடம் இருக்கிறது," என்றான்.
"எஃகு இருக்கிறதா உன்னிடம்?"
"இருக்கிறது. நில அதிர்வு?"
"அது த்சிசானாவிடம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்,
நில அதிர்வும் கூடவே போயிருக்கிறது."

காலையில் மினிபஸ் ஓட்டுநர் கையில்
எஃகு அந்தப் பக்கம் போனது,
பனி இந்தப் பக்கம் வந்தது.
கனத்திருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, ஒன்றரை மடங்கு.
உறையைக் கிழித்தேன்.

விடுதிக்கார அம்மாள் நோனா கத்தினாள்:
"போன வருஷமும் இதே பனிதானே பெய்தது?"
இதேதான் அம்மா.
முன்பு யாரும் சரியாக நிறுக்கவில்லை.
கூடுதல் மரத்துக்குப் பணம் கொடுத்தாள்,
கூடுதல் கணக்குக்கு ஒரு சக்கரம் பாலாடைக்கட்டி.
பாதியைத் தெமூருக்கு அனுப்பினேன், அதே ஓட்டுநரிடம்.
சேர்ந்தது கால்வாசி என்று தகவல்.

இப்போது ஐந்து பேர்.
ஆளுக்கு ஒன்று வாங்குவது, திங்கட்கிழமை மாற்றிக்கொள்வது.
காப்பியில் நனைத்தவர் புதிதாக வாங்க வேண்டும்.
காற்று இரண்டு வாரமாக ருஸ்தாவியில் மாட்டிக்கொண்டிருக்கிறது,
கேட்டால், இதோ அதோ என்கிறார்கள்.
சாவியைத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

நேற்று அலமாரியின் இடப்பக்கம் தொங்குவதைக் கண்டேன்.
தொண்ணூறு சென்டிமீட்டர் பலகை,
நடுவில் பதினோரு மில்லிமீட்டர் இறக்கம்.
எவ்வளவு அனுமதிக்கலாம் என்று பார்க்க வேண்டிய புத்தகம்
அதே பலகையில்தான் இருந்தது.
எடுத்ததும் ஒரு மில்லிமீட்டர் குறைந்தது.

அவமானப்பட்டு வாங்கிய அந்த இரண்டையும்,
கூட்டுப்பண்ணைத் தானியக் கிடங்குகள், இரண்டும் ஒரே பதிப்பு,
ஒன்றன்மேல் ஒன்றாய் நிறுத்தி
நடுவில் முட்டுக்கொடுத்தேன்.
அட்டை கெட்டி. அசையவில்லை.

யார் எதைக் கேட்டாலும் இரவல் தருவேன்,
அந்த இரண்டைத் தவிர.